உழைத்து வாங்கிய கூலிக்கு வருமான வரி உண்டா?

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகச் சாகாமல் சுற்றிவரும் ஒரு வாதம் இருக்கிறது. கேட்டவுடன் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் வாதம் அது. நான் எட்டு மணி நேரம் என் உழைப்பைக் கொடுக்கிறேன், முதலாளி அதற்கு ஈடான பணத்தைக் கொடுக்கிறார். ஒரே மதிப்புள்ள இரண்டு பொருள்கள் கைமாறியிருக்கின்றன, அவ்வளவுதான். இதில் எனக்கு லாபம் எங்கே வந்தது? லாபமே இல்லை என்றால் அது எப்படி வருமானம்? வருமானமே இல்லை என்றால் வருமான வரி எதற்கு? இப்படிக் கேட்டு, இதை நம்பி, வரிப் படிவத்தில் சம்பளம் என்ற இடத்தில் பூஜ்யம் எழுதி அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விமானிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், சின்ன வியாபாரம் செய்பவர்கள் என்று எல்லா வகை ஆட்களும் அதில் உண்டு. ஒரு நீதிமன்றம்கூட இந்த வாதத்தை ஏற்கவில்லை. 1990-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தக் கேள்வியைப் பரிசீலித்த எல்லா நீதிமன்றங்களும் இதை நிராகரித்திருக்கின்றன என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியது. ஆனாலும் வாதம் சாகவில்லை. ஏன் என்று யோசித்தால், சட்டம் பேசும் வாதத்துக்குள் நியாயம் பேசும் வேறொரு வாதம் ஒளிந்திருப்பது தெரிகிறது. முதலாவது தப்பு. இரண்டாவது தப்பில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால்தான் இத்தனை பேர் வாழ்க்கை கெட்டது என்பது என் கருத்து. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் ‘உழைப்பு என் சொத்து’ என்பதை எடுத்துக்கொள்வோம். இந்த வாதம் பேசுபவர்கள் அடிக்கடி காட்டுவது 1884-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு. நியூ ஆர்லியன்ஸ் நகரில் மாடு அறுக்கும் தொழிலை ஒரே நிறுவனத்துக்கு ஏகபோகமாகக் கொடுத்தது பற்றிய தகராறு அது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி ஃபீல்டு தனியாக எழுதிய குறிப்பில் ஆடம் ஸ்மித்தை எடுத்தாள்கிறார். ஒருவனுக்குத் தன் உழைப்பின் மேல் உள்ள உரிமைதான் மற்ற எல்லாச் சொத்துக்கும் அடித்தளம், அதனால் அது புனிதமானது என்பது அதன் சாரம். இதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த வழக்கில் வரி பற்றிய பேச்சே இல்லை. ஒருவன் விரும்பிய தொழிலைச் செய்ய அரசு குறுக்கே நிற்கலாமா என்பதுதான் ஃபீல்டு அங்கே எழுப்பிய கேள்வி. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு பொருள் என் சொத்து என்பதாலேயே அதிலிருந்து வருவதற்கு வரி இல்லை என்று ஆகிவிடாது. வீடும் சொத்துதான், வாடகைக்கு வரி உண்டு. நிலமும் கடையும் சொத்துதான், அவற்றில் வரும் லாபத்துக்கு வரி உண்டு. உழைப்பு என் சொத்து என்று எவ்வளவு உரக்கச் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அதுவும் வருவாய் தரும் மற்றச் சொத்துகளின் வரிசையில் போய் நிற்கிறது.

இனி வாதத்தின் உயிர்நாடிக்கு வருவோம். சமமான பொருள்கள் கைமாறினால் லாபம் இல்லை என்கிறார்களே, அது சரியா? ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் 100 டாலர் பெறுமான அரிசியைக் கொடுத்து 100 டாலர் வாங்குகிறார். அங்கேயும் சமமான இரண்டு பொருள்கள்தான் கைமாறின. ஆனால் அவருக்கு லாபம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்த அரிசியை அவர் 80 டாலருக்கு வாங்கியிருந்தார். லாபம் என்பது கொடுத்த பொருளின் விலையைக் கழித்தால் வருவதல்ல, அதன் அடக்கத்தைக் கழித்தால் வருவது. வியாபாரம் தெரிந்த எவருக்கும் இது புதிதல்ல. போட்ட முதல் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் 1012-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: ஒரு சொத்தின் முதல் என்பது அதற்காகக் கொடுத்த விலை. உழைப்புக்கு நீங்கள் யாரிடம் என்ன விலை கொடுத்தீர்கள்? எதுவும் இல்லை. அதனால் வரிக் கணக்கில் அதன் அடக்கம் பூஜ்யம். 1986-ல் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் நீதிபதி ஈஸ்டர்புரூக் இந்த வழியில்தான் போய்க் கதவைச் சாத்தினார்.

‘என் உழைப்பின் அடக்கம் பூஜ்யமா?’ என்று கேட்டுக் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அடக்கம் பூஜ்யம் என்றால் மதிப்பும் பூஜ்யம் என்று காதில் விழுகிறது. ஆனால் அடக்கம் வேறு, மதிப்பு வேறு. ஒரு தச்சர் நாற்காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மரம் 40 டாலர், ஆணி, பசை, பாலிஷ் எல்லாம் சேர்த்து 10 டாலர். நாற்காலி 200 டாலருக்குப் போகிறது. மரத்துக்கும் பசைக்கும் போன 50 டாலரைக் கழித்துவிட்டு, மீதி 150-ஐ வருமானம் என்கிறது சட்டம். இப்போது அவர் ‘என் கைவேலைக்கு 150 டாலர் மதிப்பு, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். கழித்தால் வருமானம் பூஜ்யம். இந்த நாற்காலிக்கு மட்டுமல்ல, எந்த நாற்காலிக்கும், எந்த ஆண்டிலும் பூஜ்யம்தான் வரும். ஏனென்றால் கைவேலையின் மதிப்பு எவ்வளவு என்பதையே விற்ற விலையிலிருந்துதான் கண்டுபிடிக்கிறோம். கூட்டினால் கழிபட்டுப் போகிற இந்தக் கணக்கு எதையும் நிரூபிக்காது. கழிவு எதற்குத் தருகிறோம் என்று ஆழ்ந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். மரத்துக்குக் கொடுத்த 40 டாலர் தச்சர் கைக்கு முன்பே வருமானமாக வந்து, வரிக் கணக்கில் ஏறிய பணம். அதற்கே மறுபடியும் வரி போடக் கூடாது என்பதற்காகக் கழிக்கிறோம். அவருடைய கைத்திறனும் நேரமும் அப்படி ஒருநாளும் வருமானக் கணக்கில் ஏறவில்லை. அதைக் கழிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒருமுறை அதை வருமானமாகச் சேர்த்திருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் எதிர்கால உழைப்புக்கெல்லாம் மதிப்புப் போட்டு அன்றைக்கே வரி கேட்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு ஏற்பாட்டை யாருமே கேட்கவில்லை.

விளைவையும் பார்க்க வேண்டும். உழைப்பின் மதிப்பைக் கழிக்கலாம் என்று ஆகிவிட்டால், பெரிய வழக்கறிஞருக்கும், அறுவை மருத்துவருக்கும், கோடிகளில் சம்பளம் வாங்கும் நிறுவனத் தலைவருக்கும் வரி பூஜ்யம். வங்கியில் போட்ட சேமிப்பின் வட்டியில் சாப்பிடும் வயதான விதவைக்கு மட்டும் வரி உண்டு. உழைக்கும் மக்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் வாதம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

இதற்கு எதிர்த்தரப்பில் உள்ள வலுவான பதில் ஒன்றை நான் ஒதுக்கிவிட மாட்டேன். இயந்திரம் தேய்கிறது, அதற்குத் தேய்மானக் கழிவு தருகிறீர்கள். உழைப்பவன் உடம்பும் தேய்கிறதே? 40 ஆண்டுகள் சுமை தூக்கிய முதுகு பழைய முதுகாக இருக்காதே? இதில் இன்னும் கசப்பான ஒரு ஒப்பீடும் உண்டு. 1926-ல் அமெரிக்க நாடாளுமன்றம் எண்ணெய்க் கிணற்றுக்கு, அதிலிருந்து வரும் மொத்த வருவாயில் 27.5 சதவீதத்தைத் தீர்ந்துபோகும் வளத்துக்கான கழிவாகக் கொடுத்தது. கிணறு தோண்டப் போட்ட முதல் முழுவதையும் எடுத்த பிறகும் அந்தக் கழிவு நிற்காது. எண்ணெய்க் கிணறு வற்றுவதற்குக் கணக்கு உண்டு, மனிதன் வற்றுவதற்குக் கணக்கு இல்லை. இது அநியாயம் என்றால் நானும் ஆமாம் என்பேன். ஆனால் இந்த உதாரணம் என்ன காட்டுகிறது என்று கவனியுங்கள். எண்ணெய் முதலாளிக்கு அந்தக் கழிவு ‘வருமானம்’ என்ற சொல்லின் அர்த்தத்திலிருந்து கிடைக்கவில்லை. அவர்கள் வாஷிங்டனுக்குப் போய், சட்டமாக எழுதி வாங்கினார்கள். கழிவுகள் எல்லாமே அப்படி வந்தவைதான். உழைப்பவருக்கு வரிச் சட்டம் இன்று தருவதும், அதாவது பொதுக் கழிவும், குறைந்த சம்பளக்காரர்களுக்காக 1975-ல் வந்த வரித் தள்ளுபடியும், அதே வழியில் வந்தவைதான். படிவத்தில் பூஜ்யம் எழுதி ஒருவரும் ஒரு கழிவையும் வென்றதில்லை.

அடுத்தது அரசியல் சாசனம். இங்கேதான் வரலாறு தலைகீழாகச் சொல்லப்படுகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க அரசியல் சாசனப்படி ‘நேர்முக வரி’ எதுவானாலும் மாநிலங்களுக்கு இடையே மக்கள்தொகை விகிதப்படி பங்கிட வேண்டும். பத்தில் ஒரு பங்கு மக்கள் உள்ள மாநிலம் ஏழையாக இருந்தாலும் வரியில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். வருமான வரியை அப்படிப் பங்கிடுவது நடைமுறையில் முடியாத காரியம். உள்நாட்டுப் போருக்காக 1861-ல் கொண்டுவந்த முதல் வருமான வரி அப்படிப் பங்கிடாமலேதான் வசூலானது, 1872 வரை நீடித்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் இல்லினாய்ஸ் மாநில வழக்கறிஞர் வில்லியம் ஸ்பிரிங்கர். அவருடைய வருமானம் இரண்டு வகை: வழக்கறிஞர் தொழிலில் உழைத்துச் சம்பாதித்தது, அரசுப் பத்திரங்களுக்கு வந்த வட்டி. 1881-ல் உச்ச நீதிமன்றம் அந்த வரி செல்லும் என்று சொல்லிவிட்டது. 16-ஆவது திருத்தம் வருவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, உழைத்துச் சம்பாதித்த பணத்துக்குப் போட்ட வரியை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு 1894-ல், 4000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீத வரி வந்தது. அன்றைக்கு அது பெரும் பணக்காரர்களின் தொகை. மறு ஆண்டே போலக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. வரி எதிர்ப்பாளர்கள் தங்கள் கொடியாகப் பிடிக்கும் தீர்ப்பு இது. ஆனால் தீர்ப்பு சொன்னது என்ன? வாடகை, வட்டி, பங்காதாயம் என்று சொத்திலிருந்து வரும் வருமானத்துக்கு வரி போடுவது அந்தச் சொத்துக்கே வரி போடுவது போல, அதனால் அது நேர்முக வரி, பங்கிட்டாக வேண்டும் என்றது. தொழில், வேலை, உத்தியோகம் ஆகியவற்றில் வரும் வருவாய்க்குப் போடும் வரி அப்படியல்ல, அது முன்பே செல்லுபடியாகியிருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டது. அப்படியானால் உழைப்பு வருமானத்தின் மேல் உள்ள பகுதியை மட்டும் ஏன் விட்டுவைக்கவில்லை? தீர்ப்பே காரணம் சொல்கிறது. சொத்து வருமானத்தை எடுத்துவிட்டு மீதியை மட்டும் விட்டால், மூலதனத்துக்கென்று போட்ட வரி உழைப்புக்கான வரியாக மாறிவிடும், நாடாளுமன்றம் அதை நினைத்திருக்காது, அதனால் முழுச் சட்டமும் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். ஆகவே போலக் தீர்ப்பு காப்பாற்றியது மூலதனத்தை. 1913 பிப்ரவரியில் நிறைவேறிய 16-ஆவது திருத்தம் அந்தக் காப்பை எடுத்தது. எந்த மூலத்திலிருந்து வந்தாலும் வருமானத்துக்குப் பங்கீடு இல்லாமல் வரி போடலாம் என்று அது சொன்னதால் புதிதாக வலைக்குள் வந்தவை வாடகையும் வட்டியும் பங்காதாயமும். சம்பளம் எப்போதும் வலைக்குள்தான் இருந்தது. திருத்தம் ஒழுங்காக நிறைவேறவில்லை என்று நிரூபித்தால் சம்பளக்காரர் தப்பித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் ஆசை நிறைவேறினால்கூட முதலில் விடுதலையாகப் போவது வீட்டுச் சொந்தக்காரரும் பங்குதாரரும்தான்.

சட்டத்தின் வாசகத்தை வைத்து ஒரு நுணுக்கமும் பேசுகிறார்கள். 1913-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த வடிவில் கொடுத்தாலும் சம்பளம், கூலி, சொந்த உழைப்புக்கான ஊதியம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் ஆதாயம், லாபம், வருமானம் என்று அடுக்கிச் சொல்கிறது. ‘கூலியிலிருந்து கிடைக்கும்’ என்றுதானே இருக்கிறது, கூலியே வருமானம் என்று இல்லையே, கூலியை முதலீடு செய்து அதில் வருவதுதான் வருமானம் என்கிறார்கள். ஆனால் கூலியை வங்கியில் போட்டு வருவதற்கு வட்டி என்று பெயர், அதற்கு அதே சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. இந்தப் படிப்பில் ‘கூலி’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அதே 1913-ல், கொலராடோ சுரங்க நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வருமானத்துக்கு ஒரு வரையறை கொடுத்தது: மூலதனத்திலிருந்தோ உழைப்பிலிருந்தோ இரண்டும் சேர்ந்தோ வரும் ஆதாயம். 1920-ல் பங்காதாயம் பற்றிய ஐஸ்னர் வழக்கிலும் அதே வரையறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ‘ஆதாயம்’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டுக் காட்டும் வரி எதிர்ப்பாளர்கள், அதற்கு அடுத்தே வரும் ‘உழைப்பிலிருந்து’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1954-ல் வந்த தொகுப்புச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு இந்த இடைவெளியையும் அடைத்துவிட்டது. மொத்த வருமானத்தின் பட்டியலில் முதலில் நிற்பதே சேவைக்கான ஊதியம்தான்.

1978-ல் தீர்ந்த இன்னொரு வழக்கையும் துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊழியர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசில் நிறுவனம் வரிப் பிடித்தம் செய்திருக்க வேண்டுமா என்பதுதான் அதில் பிரச்சினை. பிடித்தத்துக்கு உட்பட்ட ‘கூலி’ என்பது ‘வருமானம்’ என்பதைவிடக் குறுகிய சொல் என்றது உச்ச நீதிமன்றம். அதாவது வருமானத்தில் கூலி அல்லாததும் உண்டு. அதைத் திருப்பிப் போட்டு, கூலி வருமானமே அல்ல என்று படிக்கிறார்கள். மரங்களில் தென்னை அல்லாததும் உண்டு என்றால் தென்னை மரமல்ல என்றாகிவிடுமா?

உழைத்தவருக்கே வரி என்ற கொள்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1930-ல் தீர்ந்த லூக்கஸ் எதிர் ஏர்ல் வழக்கு நல்ல சாட்சி. கலிபோர்னியாவைச் சேர்ந்த கை ஏர்ல் என்பவர், தான் சம்பாதிப்பது எல்லாம் தனக்கும் மனைவிக்கும் சரிபாதி என்று 1901-லேயே ஒப்பந்தம் எழுதியிருந்தார். அப்போது வருமான வரியே கிடையாது, ஆகவே அதில் ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் நீதிபதி ஹோம்ஸ், சம்பளத்துக்கு வரி அதைச் சம்பாதித்தவர் பேரில்தான், எந்த மரத்தில் காய்த்த பழமோ அந்த மரத்தின் கணக்கில்தான் சேரும் என்ற பொருளில் முடித்துவிட்டார். இதே கேள்வி வேறு உடை போட்டுக்கொண்டு நம்மூருக்கும் வந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பாடம் நடத்தும் கத்தோலிக்க அருட்சகோதரிகள், வறுமை நோன்பு ஏற்றவர்கள், சம்பளத்தை அப்படியே தங்கள் சபைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள். தங்கள் கையில் தங்காத பணத்துக்கு எதற்கு வரிப் பிடித்தம் என்று அவர்கள் தரப்பு கேட்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் பிடித்தம் உண்டு என்றது, 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சம்பளம் என்று வந்தால் அது வேலை செய்தவரின் வருமானம், பிறகு அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது அடுத்த விஷயம். நோன்பிருக்கும் பெண்களின் வழக்கில் மனசு அவர்கள் பக்கம் சாய்கிறது. இருந்தாலும் தர்க்கம் ஒன்றுதான்.

‘அப்படியானால் சிலர் விடுதலையானார்களே?’ என்று கேட்பார்கள். உண்மைதான், விடுதலையானவர்கள் உண்டு. ஜான் சீக் என்ற விமானியின் வழக்கு இதில் பெயர்பெற்றது. அவர் வரிப் படிவம் தருவதை நிறுத்தினார், சம்பளத்தில் பிடித்தம் குறைய வேண்டும் என்பதற்காகத் தனக்கு 60 கழிவுகள் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். 1991-ல் உச்ச நீதிமன்றம், சம்பளம் வருமானம் அல்ல என்று ஒருவர் மனதார நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை எவ்வளவு அறிவுக்குப் பொருந்தாததாக இருந்தாலும், வேண்டுமென்றே செய்த குற்றம் என்று அவரைத் தண்டிக்க முடியாது, அதை ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்றது. வரி எதிர்ப்பாளர்கள் இதை வெற்றி என்று கொண்டாடினார்கள். நடந்தது என்ன? வழக்கு திரும்பிப் போனது, மறு விசாரணையில் சீக் மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஒரு ஜூரி ஒருவரை விடுவித்தாலும் அதன் அர்த்தம் ‘அவர் தெரியாமல் செய்தார்’ என்பதுதான், ‘அவர் சொன்னது சரி’ என்பதல்ல. சிறைக்குப் போகாமல் தப்பினாலும் வரி பாக்கியும் வட்டியும் அபராதமும் அப்படியே நிற்கும். வரி கட்டுவது ‘விருப்பத்தின் பேரில்’ என்று அரசு வெளியீடுகளிலேயே இருக்கிறதே என்பதும் இதே ரகம்தான். கணக்கை முதலில் நீயே போட்டுக் கொடு என்பதுதான் அதற்குப் பொருள், இஷ்டமிருந்தால் கட்டு என்பதல்ல.

இந்த வாதத்தை நம்பியவர்களைவிட விற்றவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். அவர்களில் பெரிய பெயர் இர்வின் ஷிஃப். வருமான வரி கட்டுவதை எவரும் நிறுத்தலாம் என்று தலைப்பிலேயே சொன்ன அவருடைய புத்தகம் 1982-ல் வந்தது. வருமானம் என்றால் நிறுவன லாபம் மட்டுமே, படிவத்தில் பூஜ்யம் எழுதுங்கள் என்று பல்லாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். தான் சொன்னதை அவரே நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. அவர் கடைசிவரை பின்வாங்கவில்லை. 2006-ல் 13 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது, 2015-ல் 87 வயதில் சிறைக் காவலிலேயே இறந்தார். 2003-ல் வந்த இன்னொரு புத்தகத்தின் ஆசிரியர் பீட்டர் ஹென்ட்ரிக்சன், ‘கூலி’ என்று சட்டம் சொல்வது அரசு வேலைக்காரர்களை மட்டும்தான் என்று எழுதினார். அவரும் சிறைக்குப் போனார். படித்துப் பின்பற்றியவர்கள் கதை செய்தித்தாளில் வருவதில்லை. இப்படிப் பொருளற்ற படிவம் ஒன்று அனுப்பினால் அதற்கே 5000 டாலர் அபராதம். வரி நீதிமன்றத்தில் போய் இதே வாதத்தை வைத்தால் 25,000 டாலர் வரை அபராதம் போடலாம். அமெரிக்காவில் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம் ஆட்கள் இதில் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். 2012-ல் கவாஷிமா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொய்யான வரிப் படிவம் தந்து அரசுக்கு 10,000 டாலருக்கு மேல் இழப்பு ஏற்படுத்திய குற்றம் குடியுரிமை இல்லாதவரை நாடு கடத்தப் போதுமானது என்று தீர்ப்பளித்தது. கவாஷிமா தம்பதி நீண்ட காலமாகச் சட்டப்படி அங்கே வாழ்ந்த ஜப்பானியர்கள்.

இனி அந்த இரண்டாவது வாதம், அதாவது நியாயத்தைப் பற்றிய வாதம். 1913-ல் வருமான வரி வந்தபோது தனி ஆளுக்கு 3000 டாலர் வரை விலக்கு இருந்தது. சாதாரணத் தொழிலாளியின் ஆண்டுக் கூலி அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதனால் ஒரு தலைமுறை முழுக்க, வருமான வரி என்றால் பணக்காரர் விவகாரம் என்று மக்கள் நினைத்தார்கள். நினைப்பு தவறில்லை. இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. 1939-ல் வரி கட்டியவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர், 1945-ல் 4 கோடிக்கு மேல். 1942-ல் நிதித் துறை வால்ட் டிஸ்னியிடம் சொல்லி ஒரு குறும்படமே எடுத்தது. டொனால்டு டக் வரிப் படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்து, பேனாவும் மையும் வைத்துக்கொண்டு பூர்த்தி செய்கிறது, பிறகு ஹாலிவுட்டிலிருந்து வாஷிங்டன் வரை ஓடிப்போய் வரியைக் கட்டுகிறது. அதற்கு முன் வரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்திராத மக்களுக்கு அதை எப்படி எழுதுவது என்று ஒரு வாத்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1943 ஜூலை 1 முதல் சம்பளத்திலேயே பிடித்தம் தொடங்கியது. கூலி கைக்கு வருவதற்கு முன்பே அரசின் பங்கு போய்விடும் நிலை அன்றிலிருந்துதான்.

அந்தப் பிடித்தத்துக்கு அப்பால் மூலதனம் எப்படி நடத்தப்படுகிறது என்று சம்பளக்காரர் பார்க்கிறார். சம்பளத்துக்கு உச்ச வரி விகிதம் 37 சதவீதம், நீண்டகாலம் வைத்திருந்து விற்ற பங்கின் லாபத்துக்கு உச்ச விகிதம் 20. அதிக வருமானக்காரர்களுக்கு அதன்மேல் 3.8 சதவீதம் சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கூலிக்கோ முதல் டாலரிலிருந்தே 7.65 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் போகிறது. பங்கின் விலை ஏறினாலும் விற்கும்வரை வரி கிடையாது. விற்காமலே இறந்துவிட்டால், வாரிசுக்கு அன்றைய விலையே அடக்க விலை ஆகிவிடுகிறது. அதுவரை ஏறிய லாபத்துக்கு யாரும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அடக்க விலையை உயர்த்திக்கொடுக்கும் இந்தச் சலுகையைத்தான் சம்பளக்காரர் தன் உழைப்புக்கும் கேட்டார் என்று பார்த்தால், படிவத்தில் பூஜ்யம் எழுதியவரின் மனசு கொஞ்சம் விளங்கும்.

உழைப்பு வருமானத்துக்குச் சலுகை வேண்டும் என்று அதிகாரத்தில் இருந்துகொண்டு சொன்னவர் தொழிற்சங்கத் தலைவர் அல்ல. பிட்ஸ்பர்க் வங்கி முதலாளியும், நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரும், 1921 முதல் 1932 வரை நிதி அமைச்சராக இருந்தவருமான ஆண்ட்ரூ மெலன். உழைத்து வரும் வருமானம் நிலையில்லாதது, நோய் வந்தால் நிற்கும், செத்தால் போகும், முதுமையில் குறையும். முதலீட்டில் வரும் வருமானமோ ஆள் படுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். இரண்டுக்கும் ஒரே அளவு வரி போடுவது நியாயமில்லை என்று 1924-ல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். அந்த ஆண்டுச் சட்டத்தில் உழைப்பு வருமானத்தின் மேலான வரியில் 25 சதவீதத் தள்ளுபடி, ஒரு வரம்புக்கு உட்பட்டு, வந்தது. உடம்பு தேய்கிறதே என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் நேருக்கு நேராகப் பதில் சொன்ன அரிய தருணம் அது. இன்றும் அந்த வழி அடைபடவில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் டிப்ஸாக வரும் பணத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையும், ஓவர்டைமுக்காகக் கூடுதலாகத் தரும் பகுதியில் 12,500 டாலர் வரையும் 2028 முடியக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. டிப்ஸ் வாங்கும் பணியாளருக்குச் சலுகை, பக்கத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவருக்கு இல்லை என்பது எந்தக் கணக்கு என்று தெரியவில்லை. ஆனாலும் அது ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம். அதை நம்பிப் படிவம் எழுதுபவர் சிறைக்குப் போகப் போவதில்லை.

மெலன் கொண்டுவந்த தள்ளுபடி 1932-ல் போனது, 1934-ல் வேறு வடிவில் திரும்பி வந்தது, கடைசியாக 1943-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தில் அடியோடு நீக்கப்பட்டது. சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியதும் அதே 1943-ல்தான். கோடிக்கணக்கான கூலிக்காரர்கள் முதல்முறையாக வரி வலைக்குள் வந்து நின்றபோது, அவர்களுக்காகவே இருந்திருக்க வேண்டிய அந்த ஒரு சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பக் கேட்க எல்லா நியாயமும் அவர்களுக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.